11 நிறுத்தங்கள் தள்ளி ஒரு கதவு

வணக்கம் நேயர்களே.

போன மாதம் பாரிஸில் நம்மவர் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது தெரிந்த ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, மகள் சியான்ஸ் போவுக்குப் போடப்போறாளாம். அங்க படிச்சவை எல்லாம் மந்திரி, ஜனாதிபதி எண்டு சொல்லுறாள். உண்மையோ?" என்று கேட்டார். சியான்ஸ் போ என்பது பாரிஸில் உள்ள அரசியல் கல்விப் பள்ளி. அரைவாசி உண்மை என்றேன். கையில் கத்தரிக்காய்ப் பையோடு அதற்கு மேல் விளக்க முடியவில்லை. மிச்ச அரைவாசியைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

கார் து நோர்ட்டில் நான்காம் இலக்க மெட்ரோவில் ஏறுங்கள். 11 நிறுத்தங்கள் கடந்தால் சன் ஜெர்மன் து ப்ரே. அங்கிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் சன் கியோம் என்ற ஒடுங்கிய தெரு. அதில் 27ஆம் இலக்கக் கட்டடம்தான் அந்தப் பள்ளி. வெளியே இருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே நுழைந்ததும் ஒரு கூடம், அதன் நடுவில் நீளமான மர இருக்கை. படகு மாதிரி இருப்பதால் அதற்கு 'பெனிஷ்' என்று பெயர். ஆற்றில் சரக்கு ஏற்றும் தட்டைப் படகைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். மாணவர்கள் அதில்தான் குந்தியிருப்பார்கள், காத்திருப்பார்கள், வம்பளப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பள்ளியில் முக்கியமான வகுப்பறை அந்த வாங்குதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் பள்ளி பிறந்தது ஒரு தோல்வியில். 1870இல் பிரஷ்யாவோடு போர். செப்டம்பரில் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே செடானில் சிறைபட்டார். அடுத்து வந்த முற்றுகைக் குளிரில் பாரிஸ்காரர்கள் எலிக்கறி தின்றார்கள். அல்சாஸ் போனது, லொரேனின் ஒரு பகுதியும் போனது. நம்முடைய பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் உலகம் தெரியவில்லை, பொருளாதாரம் தெரியவில்லை, பக்கத்து நாட்டைக்கூடத் தெரியவில்லை, அதனால்தான் தோற்றோம் என்று சிலர் நினைத்தார்கள். அவர்களில் ஒருவரான எமில் பூத்மி 1872இல் தனியார் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நாட்டை நடத்தப்போகிறவர்களை வளர்த்தெடுப்பது நோக்கம். மக்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்ட காலம் அது. வாக்கு அவர்கள் கையில் இருக்கட்டும், நிர்வாகம் படித்தவர் கையில் இருக்கட்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

கணக்கு பலித்தது. வெளிநாட்டு அமைச்சுக்கும் நிதிப் பரிசோதகர் பதவிக்கும் போட்டிப் பரீட்சை எழுதி வென்றவர்கள் பெரும்பாலும் இந்தப் பள்ளியில் படித்தவர்களாகவே இருந்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள், பாரிஸ் பிள்ளைகள், 1919 வரைக்கும் ஆண் பிள்ளைகள் மட்டும். பிறகு 1940 வந்தது. மறுபடி ஜேர்மன் படை, மறுபடி தோல்வி. அந்தத் தோல்விக்குக் காரணம் தேடிய வரலாற்றாசிரியர் மார்க் புளோக் கை நீட்டிய இடங்களில் ஒன்று இந்த சன் கியோம் தெரு. மக்களை அறியாத, மக்களை நம்பாத ஒரு கூட்டத்தை இந்தப் பள்ளி வளர்த்தது என்பது அவர் குற்றச்சாட்டு. எழுதியதை அச்சில் பார்க்க அவருக்குக் கிடைக்கவில்லை. எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவரை 1944 ஜூனில் ஜேர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். ஒரு தோல்விக்கு மருந்தாக வந்த பள்ளிமீது அடுத்த தோல்வியின் பழி விழுந்தது.

1945இல் து கோல் அரசு பள்ளியை அரசுடைமை ஆக்கியது. கட்டடம் அதே, ஆசிரியர்கள் பெரும்பாலும் அதே, பெயர் மட்டும் பாரிஸ் அரசியல் கல்வி நிறுவனம் என்று மாறியது. அதே ஆண்டு உயர் அதிகாரிகளுக்கென்று 'எனா' என்ற தேசிய நிர்வாகப் பள்ளி வந்தது. அப்புறம் என்ன, சியான்ஸ் போவில் படித்து எனாவுக்குப் போவது என்று ஒரு நேர்பாதை விழுந்துவிட்டது.

இனி அந்த அம்மா கேட்ட ஜனாதிபதிகள். ஐந்தாம் குடியரசில் இதுவரை எட்டுப் பேர். து கோல் சன் சீர் இராணுவக் கல்லூரிக்காரர். ஜிஸ்கார் தெஸ்தான் பொலிதெக்னிக்கும் எனாவும். மற்ற ஆறு பேரும் சன் கியோம் தெருவில் ஏறி இறங்கியவர்கள்: பொம்பிது, மித்தெரான், சிராக், சர்கோசி, ஒலாந்த், மக்ரோன். பிரதமர்களையும் எண்ணப் போனால் நேரம் போய்விடும். ரொக்கார், ஃபபியூஸ், ஜுப்பே, ஜொஸ்பன், வில்பன் என்று தொடங்கி, 2024இல் 34 வயதில் பிரதமரான கப்ரியேல் அத்தால் வரைக்கும் வரிசை நீளம்.

ஆனால் ஏறி இறங்கியவர்கள் என்று சொன்னதைக் கவனியுங்கள். சர்கோசி பட்டம் வாங்காமலே போனவர். ஆங்கிலத்தில் புள்ளி காணாததுதான் காரணம் என்று சொல்வார்கள். முன்னாள் மாணவர் பட்டியலில் அவர் பெயரும் ஜம்மென்று இருக்கிறது. மக்ரோனும் முதலில் இங்கே வர ஆசைப்பட்டவர் இல்லை. எக்கோல் நோர்மால் என்ற உயர்கல்விப் பள்ளியின் நுழைவுப் பரீட்சையில் இரண்டு முறை தோற்ற பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார். இங்கிருந்து எனா, அங்கிருந்து ஜனாதிபதியின் எலிசே மாளிகை. ஏறி வந்த எனாவை மூடப்போவதாக 2021இல் அவரே அறிவித்தார், 2022இல் வேறு பெயரில் வேறு நிறுவனம் வந்தது. ஏணியை எட்டி உதைப்பது என்று நம் ஊரில் சொல்வோமே.

இப்போது அந்த வாங்குக்கு வருகிறேன். 1951இல் சேர்ந்த ஷாக் சிராக் தன் வகுப்பில் பெர்னாதெத் என்ற பிரபு குடும்பத்துப் பெண்ணைக் கண்டார், 1956இல் கல்யாணம். பள்ளி தந்த பட்டத்தைவிட அந்தக் கல்யாணம் அவருக்குப் பெரிய கதவுகளைத் திறந்திருக்கும் என்பது என் எண்ணம். இருபது வயதில் பக்கத்தில் இருந்து சிகரெட் கடன் கேட்டவன் நாற்பது வயதில் அமைச்சின் செயலாளராக இருப்பான். ஒருவன் இடதுசாரி, மற்றவன் வலதுசாரி, தொலைக்காட்சியில் அடித்துக்கொள்வார்கள், ஆனால் தொலைபேசி இலக்கம் இருக்கும். நமக்கு அந்த இலக்கம் கிடையாது.

நான் 1998இல் பாரிஸ் வந்து நாலு வருடம் கோப்பை கழுவியது அந்தப் பகுதியில் ஒரு சின்ன உணவகத்தில். மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் வடிந்ததும் மாணவர்கள் வந்து ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருப்பார்கள். கைக்கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்துவிட்டு ஒருவன் பேசுவான், மற்றவள் கேட்பாள். பத்து நிமிடம். எந்த விஷயம் என்றாலும் இரண்டு பகுதி, ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு உட்பகுதி. முதல் பகுதி 'ஆம்' என்றால் இரண்டாம் பகுதி 'ஆனாலும்'. அல்ஜீரியாப் போர் என்றாலும் பால் விலை என்றாலும் அதே நாலு கட்டம்தான். அப்போது எனக்குப் பிரெஞ்சு அரைகுறை, ஆனால் அந்தத் தாளம் பிடிபட்டுவிட்டது. இன்றைக்கும் அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசும்போது அந்த 'ஆனாலும்' எப்போது வரும் என்று காத்திருப்பேன். பெரும்பாலும் வந்துவிடும்.

சரி, இந்த அச்சில் விழாமல் தப்பியவர்களும் உண்டு. கிறிஸ்தியன் தியோரை அவர் அப்பா அம்மா 1920களில் இங்கே சேர்த்தது இராஜதந்திரி ஆக்குவதற்கு. பையனுக்கு மனம் எல்லாம் ஓவியத்திலும் கட்டடக் கலையிலும். படிப்பு முடியவில்லை. 1947 பெப்ரவரியில், துணிக்கே பங்கீடு இருந்த காலத்தில், மீற்றர் மீற்றராகத் துணி விழுங்கும் பாவாடைகளை மேடையில் விட்டு உலகத்தின் உடுப்பையே மாற்றினார். மார்செல் புரூஸ்த்தும் 1890இல் இங்கே சேர்ந்தவர். இராஜதந்திரி ஆகவில்லை, ஆனால் நீளமாகப் பேசி ஒன்றும் சொல்லாத ஓர் இராஜதந்திரியைத் தன் நாவலில் படைத்துவிட்டுப் போனார். ஒலிம்பிக்கை மீட்டெடுத்த பியேர் து குபர்தனும் பட்டியலில் இருக்கிறார். இவர்களைச் சொல்லிப் பள்ளி பெருமைப்படுவது எனக்குக் கொஞ்சம் சிரிப்புத்தான்.

சிரிக்காமல் சொல்ல வேண்டிய பெயர் சிமோன் வெய். நீஸ் நகரத்து யூதக் குடும்பம். 1944 மார்ச் கடைசியில், பாக் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிய மறுநாள், 16 வயதில் பிடிபட்டார். அவுஷ்விட்ஸில் கையில் குத்திய இலக்கம் 78651. அம்மா பேர்கன் பெல்சனில் டைஃபஸ் கண்டு இறந்தார். அப்பாவும் அண்ணனும் கிழக்கே கொண்டுபோகப்பட்டுத் திரும்பவே இல்லை. 1945இல் பாரிஸ் வந்தபோது அந்தப் பரீட்சையில் தான் சித்தியடைந்திருந்தது தெரியவந்தது. உடனே சட்டத்துக்கும் சியான்ஸ் போவுக்கும் பதிந்தார். சுற்றி இருந்தவர்களின் பேச்சு எப்படி இருந்திருக்கும், அரைக்கைச் சட்டை போட்ட நாளில் அந்த இலக்கத்தைப் பார்த்தவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அங்கேதான் அந்துவான் வெய்யைச் சந்தித்து 1946இல் மணந்தார். கணவர் எனாவுக்குப் போனார். இவர் வழக்கறிஞராக விரும்பினார், கணவருக்குப் பிடிக்கவில்லை, இழுபறிக்குப் பிறகு நீதித்துறை அதிகாரியானார்.

1974இல் சுகாதார அமைச்சர். நவம்பர் 26ஆம் திகதி, கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவோடு பாராளுமன்றத்தில் எழுந்தார். எதிரே 481 ஆண்கள், 9 பெண்கள். அனேகமாக ஆண்களே நிறைந்த சபையில் ஒரு பெண்ணின் கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் அந்தப் பேச்சில் சொன்னார். மூன்று நாள் வசவு. நாசிகளின் பெயரை இழுத்துப் பேசியவர்களும் இருந்தார்கள், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே. 29ஆம் திகதி விடியப்புறம் வாக்கெடுப்பு: 284க்கு 189. 1979இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் தலைவரானார். பிரெஞ்சு அக்கடமி உறுப்பினருக்கு ஒரு வாள் கொடுப்பார்களே, அவர் வாளில் அந்த 78651ஐப் பொறித்திருந்தார்கள். 2018இல், நாட்டின் பெருமக்கள் உறங்கும் பாந்தியோனில் அடக்கம். மூன்றாம் இலக்க மெட்ரோவில் போகிறவர்கள் யூரோப் நிலையத்தில் அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். நாலு கட்டப் பேச்சு அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மூன்று நாளும் அவரைத் தாங்கியது எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுத்தது இல்லை.

வெளிநாட்டு மாணவர்களில் எனக்குப் பிடித்தவர் ஹபீப் புர்கிபா. காலனி அதிகாரிகளைத் தயாரித்த அதே பள்ளியில் 1920களில் படித்துவிட்டு, ஊர் போய்க் காலனிக்கு எதிராகக் கட்சி கட்டி, 1956இல் துனிசியாவுக்குச் சுதந்திரம் எடுத்தார். அதே ஆண்டு பலதார மணத்தைத் தடைசெய்தார். பிறகு முப்பது வருடம் கதிரையை விடவில்லை, அது வேறு கதை. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொருவர் சலோமே சூராபிச்விலி. சோவியத் படைக்குத் தப்பி ஓடிவந்த ஜோர்ஜியக் குடும்பத்தில் 1952இல் பாரிஸில் பிறந்தவர். இங்கே படித்து, பிரெஞ்சுத் தூதுவராக ஜோர்ஜியாவுக்குப் போனார். அங்கே அவரையே வெளிநாட்டு அமைச்சராக எடுத்துக்கொண்டார்கள். 2018இல் ஜனாதிபதி. அகதி வீட்டுப் பிள்ளைக்கு இப்படியும் ஒரு வழி.

இனி, நேயர்கள் காத்திருக்கும் பெயர். சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க. அப்பா பிரதமர், அம்மா பிரதமர். 14 வயதில் அப்பாவைச் சுட்டுக் கொன்றார்கள். 1960களின் பிற்பகுதியில் இங்கே அரசியல் படித்தார். 68 மே மாதம் மாணவர்கள் தெருக்கல்லைப் பெயர்த்தபோது பாரிஸில் இருந்தவர். 1994இல் சமாதானம் என்று சொல்லி ஜனாதிபதியானார். அப்போது நான் யாழ்ப்பாணத்தில். கடைகளில் 'சந்திரிகா காப்பு' வந்தது, என் தங்கச்சி அரை டசின் வாங்கினாள். பாரிஸில் படித்தவர், விளங்கிக்கொள்வார் என்று எங்கள் வாத்தியார் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. 1995 ஏப்ரலில் புலிகளோடு பேச்சு முறிந்தது. ஜூலையில் நவாலி தேவாலயத்தில் குண்டு. ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் நின்றது, மழையில், சைக்கிளில் சட்டி பானையோடு. நாங்களும் நின்றோம். 1999இல் கொழும்பில் குண்டுத் தாக்குதலில் அவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கட்டடத்தை நான் முதலில் தேடிப் போய்ப் பார்த்ததே இவரால்தான். கோப்பை கழுவி முடிந்த ஒரு பின்னேரம், கை முழுக்கச் சவர்க்கார மணத்தோடு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். ஒரு வாகனம் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

2001இல் பள்ளியின் இயக்குநர் ரிஷார் தெக்குவான் ஏழு ஏழைப் பகுதிப் பாடசாலைகளோடு ஒப்பந்தம் போட்டு, அந்தப் பிள்ளைகளைத் தனித் தெரிவில் எடுக்கத் தொடங்கினார். பாரிஸ் புறநகரான சென் சன் தெனிப் பாடசாலைகளும் அதில் இருந்தன. எங்கள் உணவகத்துப் பத்ரோன், அதாவது முதலாளி, பத்திரிகையைப் படித்துவிட்டு, தரம் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டார். பழைய எழுத்துப் பரீட்சையை 2021இல் எடுத்துவிட்டார்கள், பார்க்கூர்சூப் என்ற அரசின் இணையத்தளம் வழியாகத்தான் விண்ணப்பம். கட்டணம் வீட்டு வருமானத்தைப் பொறுத்தது, மிகக் குறைந்த வருமானம் என்றால் கட்டணமே இல்லை. மூன்றாம் ஆண்டு கட்டாயம் வெளிநாட்டில்.

இதையெல்லாம் அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மகள் ஆசியப் பிரிவுக்குப் போட்டிருக்கிறாளாம், அது லு ஹாவ்ரில். மந்திரி, ஜனாதிபதி எல்லாம் அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது. "அங்க போக எவ்வளவு நேரம் எடுக்கும் அண்ணை?" என்று கேட்டார். சன் லசாரில் ரயில் ஏறினால் இரண்டு மணித்தியாலம், சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம் என்றேன்.

நன்றி, வணக்கம்.