சாராயத்தின் வரலாற்றில் சீவல் தொழிலாளிக்கு என்ன இடம்?

(விருந்தோம்பல் துறை மாணவர்களுக்காக மட்டக்களப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

கிழக்குக் கரையின் சுற்றுலாத் தலமான பாசிக்குடாவின் விடுதிகளில் வேலைக்குச் செல்லவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு மதுவகைகளின் வரலாற்றைச் சொல்லுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். மட்டக்களப்பில் இதைப் பற்றி மேடையேறிப் பேசுவது இலேசான காரியம் அல்ல. கசிப்பு என்னும் கள்ளச்சாராயத்தினால் சீரழிந்த வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். 2017இல் கல்குடாப் பக்கம் எரிசாராய ஆலை எழும்பியபோது கிளம்பிய எதிர்ப்பையும் அறிவோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் குடியின் கேட்டைச் சொல்லி நிறுத்திக்கொண்டால், இந்த வரலாற்றின் முதல் படியில் நிற்கும் மனிதர் நம் கண்ணில் படாமலே போய்விடுகிறார். அவர்தான் மரமேறிக் கள் இறக்கும் சீவல் தொழிலாளி.

அவர் செய்வது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தென்னம்பாளை விரிவதற்கு முன்பே அதைக் கட்டிவிட வேண்டும். நாள்தோறும் பதமாகத் தட்டி இளக்க வேண்டும். பலமாகத் தட்டினால் பாளை பழுதாகிவிடும். போதாமல் தட்டினால் சாறு இறங்காது. நுனியைக் காலையிலும் மாலையிலும் மெல்லியதாகச் சீவி, சாறு சேரும் முட்டியை, அதாவது சிறு பானையை, கட்டிவிட்டு இறங்க வேண்டும். காலில் தளைநார், இடுப்பில் கத்தி, மழைக்காலத்தில் வழுக்கும் மரம். இறங்கும் சாறு இனிப்பானது. காற்றிலும் பழைய முட்டியின் அடியிலும் இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) என்ற நுண்ணுயிர் சேர்ந்தவுடன் அது புளிக்கத் தொடங்குகிறது. சில மணி நேரத்திலேயே கள் ஆகிவிடும், தாமதித்தால் காடியாகிவிடும். வேண்டாம் என்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். சாறு புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும். நுண்ணுயிரியல் என்ற படிப்பு பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த மனிதர்கள் மதுவத்தை விருப்பம் போல் விட்டும் தடுத்தும் வேலை வாங்கியிருக்கிறார்கள். இதை அறிவு என்று சொல்ல நம் சமூகம் தயங்கியது. மரமேறியவரைச் சாதியின் பேரால் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். மதுசாரம் (அல்ககோல்) 78 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கும். தண்ணீருக்கு 100 வேண்டும். இந்த இடைவெளிதான் வடிப்புக்கு அடிப்படை. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை எடுப்பவர்தான் நல்ல வடிப்பாளர். நம் நாட்டில் அதை ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் முதிர வைக்கிறார்கள். அந்த மரத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் திருகோணமலை மரம். அலைக்கு ஈடுகொடுக்கும் சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் இந்த மரம்தான் போனது. எரிசாராயம் வேறு வகை. அம்பாறையில் ஹிங்குரானையின் கரும்புக் கழிவுப்பாகு போன்றவற்றிலிருந்து அது வருகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பல போத்தல்களில் கள்ளின் பங்கு சிறிது, எரிசாராயத்தின் பங்கு பெரிது. தொடர்ந்து வடிக்கும் உயர்ந்த கோபுரக் கொதிகலனுக்கு 1830இல் காப்புரிமை பெற்ற ஈனியஸ் காஃபி, அயர்லாந்தில் மதுவரி அதிகாரியாக இருந்தவர். மலிவான சாராயம் உலகெங்கும் பெருகியது அந்தக் கோபுரத்தினால்தான்.

இனி இந்தச் சாராயம் கடல் கடந்த கதை. 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் கரையிறங்கினார். 1638இல் கண்டி மன்னரின் துணையோடு ஒல்லாந்தர் இங்கிருந்த போர்த்துக்கேயர் கோட்டையைப் பிடித்தார்கள். அந்தக் காலத்து நீண்ட கடற்பயணங்களில் பியரும் வைனும் வெப்பத்தில் கெட்டுப்போயின. கெடாதது ஆசியச் சாராயம். கோவாவில் கள்ளிலிருந்து வடித்ததையும், பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கழிவுப்பாகும் அரிசியும் சேர்த்து வடித்ததையும் மாலுமிகள் எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைத் திரவியம் ஆகியவற்றோடு கலந்து குடித்தார்கள். அதுதான் பஞ்ச். இதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து, கிழக்கிந்தியக் கம்பனி ஆள் ஒருவரின் 1632ஆம் ஆண்டுக் கடிதம். சுவீடனின் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் 1733இல் ஆசியச் சாராயத்தோடு திரும்பிய பிறகு, அந்நாட்டிலும் அது வேரூன்றியது.

'காக்டெய்ல்' என்ற கலவை மது என்ன என்று நியூயோர்க் மாநிலத்துச் செய்தித்தாள் ஒன்று விளக்கியது 1806இல்: ஏதேனும் ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு. அதே ஆண்டில் பிரெடரிக் டியூடர் என்ற வணிகர் அமெரிக்கக் குளத்துப் பனிக்கட்டியைக் கப்பலேற்றி மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பினார். 1833இல் அது கல்கத்தாவுக்கே வந்து சேர்ந்தது. பனிக்கட்டி மலிந்த பிறகுதான் மது கலப்பவரின் கை வேகமும் அளவும் கலையாக மதிக்கப்பட்டன. 1862இல் ஜெரி தோமஸ் என்ற மது கலப்பவர் அமெரிக்காவில் வெளியிட்ட கைந்நூலில் ஆசியச் சாராயத்தில் செய்யும் பஞ்சும் இருக்கிறது. ஆகவே கலவை மதுவை மேற்கின் சரக்கு என்று எண்ணி நீங்கள் தாழ்ந்து நிற்க வேண்டியதில்லை. அதன் மூதாதை ஆசியச் சாராயம்.

பஞ்சுக்கான ஒரு பழைய அளவை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, சாராயம் மூன்று, தண்ணீர் நான்கு. அதிகமான பங்கு தண்ணீருக்குத்தான். நம் தவறணைகள் என்னும் மதுக்கடைகளிலும் கசிப்பு விற்கும் ஒழுங்கைகளிலும் வெறும் வயிற்றில், தண்ணீர் கலக்காமல், ஒரே மூச்சில் குடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இனிப் பணத்துக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் ஒரு பகுதியின் சாராய விற்பனை உரிமை ஏலத்தில் போகும். அந்தக் குத்தகையில் பெருஞ்செல்வம் சேர்த்தவர்கள் பிறகு தோட்டம் வாங்கினார்கள், பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பினார்கள். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் கொதித்தது. நாட்டின் அரசியல் தலைவர்கள் பலர் அங்கிருந்துதான் வந்தார்கள். அரசுக்கு வரி, குத்தகைக்காரருக்கு மாளிகை, எதிர்த்தவருக்குத் தலைமை. சீவியவருக்கு முதுகு வலி. 1978 நவம்பர் சூறாவளி நம் கரையின் தென்னைகளைச் சாய்த்தபோது அவருடைய பிழைப்பும் சேர்ந்து சாய்ந்தது.

தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இலண்டன் சவோய் ஹோட்டலின் அமெரிக்க மதுக்கூடத்துக்கு 1903இல் தலைமை ஏற்றவர் ஏடா கோல்மன் என்ற பெண். நம் நாட்டிலோ, பெண்கள் மது விற்கும் இடங்களில் வேலை செய்வதற்கு இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களில் ஜனாதிபதி அந்த முடிவைத் திரும்பப் பெற வைத்தார். குடிப்பதும் விலக்குவதும் அவரவர் விருப்பம். வேலையை மறுப்பது அநீதி.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. கலவைகளைப் பற்றி என்னிடம் கேளுங்கள். பாளை கட்டுவது, தட்டுவது, சீவுவது பற்றிய கேள்விகளை முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாவிடம் கேளுங்கள். பல காலம் மரமேறியவர். ஒலிவாங்கியை அவரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.