மழையை ஒளித்துவைக்கும் மலை

வணக்கம் நேயர்களே.

ஒரு ஜூன் மாதம். ஸ்பெயினின் தெற்கே, ஹாயேன் மாகாணத்தில், காசோர்லா மலைத்தொடரில் ஒரு கல்தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வரைபடத்தில் அந்த இடத்தில் ஊற்றைக் குறிக்கும் நீலப் புள்ளி இருந்தது. தொட்டியிலோ காய்ந்த பாசியும் இரண்டு மூன்று தேனீக்களும்தான். பையில் கால் லிட்டர் தண்ணீர். ஊருக்குத் திரும்ப மூன்று மணி நேரம் நடக்க வேண்டும்.

அன்று நான் தூரத்தைக் கணக்கிட்டிருந்தேன், ஏற்றத்தைக் கணக்கிட்டிருந்தேன். தண்ணீரை மட்டும் வரைபடத்தை நம்பி விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மலைகளுக்கு எத்தனை முறை போனாலும், முதலில் தண்ணீர் எங்கே இருக்கும், எந்த மாதத்தில் இருக்கும் என்றுதான் பார்க்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் அந்த மலையின் கல்லிலேயே இருக்கிறது. காசோர்லா பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளை ஆண்டாண்டுகளாக அரித்து அரித்து, உள்ளே குழாய்களும் குகைகளும் ஆக்கிவிடுகிறது. மேலே பெய்த மழை மேலே நிற்பதில்லை. சல்லடையில் ஊற்றியது போல உள்ளே இறங்கி, எங்கோ அடிவாரத்தில் ஊற்றாகப் பீறிடுகிறது. அதனால் உச்சியில் நாக்கு வறளும். ஆயிரம் மீட்டர் கீழே ஆறு இரையும். உயரத்திலிருக்கும் சின்ன ஊற்றுகள் ஏப்ரலில் ஓடும், ஜூன் பிறந்ததும் அடங்கிவிடும். வரைபடத்துக்கு மாதம் தெரியாது.

இந்த மலைகளையும் அவற்றை அடுத்த செகூரா, லாஸ் வில்லியாஸ் மலைகளையும் சேர்த்து 1983-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 1986-இல் இயற்கைப் பூங்கா ஆனது. இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரப்பு. ஸ்பெயினின் பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதிகளில் மிகப் பெரியது. குவாதல்கிவீர் ஆறு இங்கேதான் பிறக்கிறது. அரபு மொழியில் ‘பெரிய ஆறு’ என்று பொருள்படும் பெயர் அது. அதே மலைக்கூட்டத்தில் பிறக்கும் செகூரா ஆறு கிழக்கே போய் மத்தியதரைக் கடலில் கலக்கிறது. குவாதல்கிவீர் மேற்கே 650 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக்கைச் சேர்கிறது.

நடக்க நல்ல மாதங்கள் ஏப்ரல், மே. பிறகு செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அப்போது உச்சிமலை வேண்டாம் என்றே சொல்வேன். ஸ்பெயினின் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். டிசம்பர் கடைசியில் காலை எட்டேகாலுக்கும் சூரியன் உதித்திருக்காது, மாலை ஆறுக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். பிற்பகல் நான்கு மணிக்கும் வெயில் தணிந்திருக்காது.

காசோர்லா ஊர் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அதற்குப் பின்னால் எழுந்து நிற்கும் ஹிலில்யோ உச்சி 1848 மீட்டர். ஊரிலிருந்தே நடந்து ஏறலாம். ஆனால் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறி இறங்க வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். வழியில் ஊற்று கிடைத்தால் அது வரவு, கணக்கில் எழுதக்கூடாது. பலர் நடந்து நடந்து தேய்ந்த சுண்ணாம்புக்கல் நனைந்தால் சோப்பு போல வழுக்கும். முந்தின இரவு மழை பெய்திருந்தால் நான் அந்த ஏற்றத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்துவிடுவேன்.

மலை முடியும் இடத்தில் ஒலிவ மரங்கள் தொடங்குகின்றன. நம்மில் பலருக்கு இந்த மரம் விவிலியத்தின் ஒலிவமலையாகத்தான் அறிமுகம். ஹாயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கு மேற்பட்ட ஒலிவ மரங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் பிக்குவால் என்ற வகை. பழைய தோட்டங்களில் ஓர் அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் பிரிந்து வளரும். மரத்துக்கு மரம் நல்ல இடைவெளி. வேர்கள் தண்ணீருக்குப் போட்டி போடாமலிருக்கத்தான் அந்த இடைவெளி. வேருக்கு அது வாழ்வு. நடப்பவருக்கு அங்கே நிழல் கிடையாது. தூரத்திலிருந்து பச்சைக் கடலாகத் தெரிவது, உள்ளே போனதும் வெயில் காயும் வெறுமண் பாதை. அதனால் தோட்டப் பகுதியைக் காலை பத்துக்குள் கடந்துவிடும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் அங்குள்ள களிமண் காலணியில் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடும்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை அறுவடைக் காலம். மரத்தடியில் வலை விரித்து, கிளைகளைத் தட்டியும் இயந்திரத்தால் உலுக்கியும் காய்களை உதிர்ப்பார்கள். அந்த வலைகளை மிதிக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம் அதில் கிடக்கிறது. காயைப் பறித்துக் கடித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். உப்புநீரில் ஊறிப் பதப்படாத ஒலிவம் நாக்கைக் கட்டிப்போடும் கசப்பு.

அந்த ஜூன் மாதம் நான் இறங்கி வந்தது இப்படி ஒரு தோட்டத்துக்குள்தான். மரத்தடியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்ததுமே ஒரு மண்கூசாவை நீட்டினார். பொதீஹோ என்பார்கள். நம் பானையைப் போலவே, நீர் கசிந்து ஆவியாகிக் குளிரும். வாய் வைக்காமல் குடிக்க வேண்டும் என்று சைகையால் சொல்லித்தர வந்தார். நான் அண்ணாந்து ஊற்றிக்கொண்டதும் அவர் சிரித்த சிரிப்பு இன்றும் கண்ணில் நிற்கிறது. குடித்து முடித்ததும் மலையைக் காட்டி, கையைக் கீழ்நோக்கி இறக்கி, பள்ளத்தாக்கின் பக்கம் நீட்டினார். தண்ணீர் அங்கே இருக்கிறது என்றார். மறுநாள் அந்தக் கை காட்டிய திசையில் போனேன்.

அது போரோசா ஆற்றங்கரைப் பாதை. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தோர்ரே தெல் வினாக்ரே என்ற பார்வையாளர் மையத்துக்கு அருகே, மீன்பண்ணையை ஒட்டிப் பாதை தொடங்குகிறது. ஆறு எப்போதும் பக்கத்திலேயே வருகிறது. கரைந்த சுண்ணாம்பு படிந்த மடுக்களில் தண்ணீர் நீலப்பச்சையாகத் தெரியும். கொஞ்ச தூரத்தில் பாறைகள் நெருங்கி, பாதைக்கே இடமில்லாமல் போகும். செர்ராதா தெ எலியாஸ் என்ற அந்த இடுக்கில், பாறைச் சுவரில் பொருத்திய மரப்பாலத்தில் நடக்க வேண்டும். காலடியில் ஆறு, தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். குழந்தைகளோடு போகிறவர்கள் அதுவரை போய்த் திரும்பினாலே நிறைவான நாள்.

அதற்கு மேல் ஒரு பழைய நீர்மின் நிலையம், அருவி, செங்குத்தான ஏற்றம். பிறகு பாறையைக் குடைந்த இரண்டு சுரங்கங்கள். மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் சுரங்கத்துக்குள் பக்கத்திலேயே ஓடும். டார்ச் இல்லாமல் போகவே கூடாது. கடைசியில் ஆகுவாஸ் நேக்ராஸ் ஊற்று. பெயருக்குக் ‘கருநீர்’ என்று பொருள், தண்ணீரோ பளிங்கு. மேலே வறண்ட கற்களுக்குள் இறங்கிய மழையும் பனியும் இப்படித்தான் வெளியே வருகின்றன. முன்தினம் நாக்கு வறண்டு நின்ற எனக்கு அந்த இரைச்சலைக் கேட்டதும் கண் கலங்கியது.

போய்வர ஏறத்தாழ 22 கிலோமீட்டர், 600 மீட்டர் அளவுக்கு ஏற்றம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அந்தக் கணக்கில் இது ஐந்தரை மணி நேரம். அது நிற்காமல் நடப்பவரின் கணக்கு. உட்கார, சாப்பிட, ஆற்றில் கால் நனைக்க என்று எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்பெயினின் தேசியப் புவியியல் நிறுவனம் 1:25,000 அளவுள்ள வரைபடங்களை இலவசமாகத் தருகிறது; கைப்பேசியில் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னலை நம்ப முடியாது. வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்டிருந்தால் அது பல நாள் நடைக்கான நெடும்பாதை. வெள்ளையும் மஞ்சளும் குறும்பாதை. அவசர உதவிக்கு எண் 112.

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ போனால், மாலையில் அவசரமாக ஊர் திரும்பாதீர்கள். அது மான்கள் இணை சேரும் பருவம். பொழுது சாயும்போது ஆண்மான்கள் உறுமும் ஒலி பள்ளத்தாக்கின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும். டார்ச்சை அணைத்துவிட்டு, ஆற்றுப்பாலத்தின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

வணக்கம்.