கம்பெனியா, ஃபர்மா, சொசைட்டியா? பெயர்ப்பலகையை எப்படிப் படிப்பது

[திரையில்: திருப்பூர் வீதி ஒன்றில் வரிசையாகப் பெயர்ப்பலகைகள்]

வணக்கம். திருப்பூரில் யாரிடம் கேட்டாலும் "பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்" என்றுதான் பதில் வரும். பத்து தையல் மெஷின் ஓடும் ஷெட்டும் அங்கே கம்பெனிதான், ஆயிரம் பேர் வேலை செய்யும் ஏற்றுமதி நிறுவனமும் கம்பெனிதான். பேச்சுக்கு அது போதும். ஆனால் வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதும்போதோ, பேங்க்கில் லோன் கேட்கும்போதோ, நூலைக் கடனுக்குக் கொடுக்கும்போதோ இந்தச் சொல்லை அப்படித் தளர்வாக விட முடியாது.

ஓர் அமைப்புக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் வந்தால் யார் தலையில் விழும்? ஓட்டு யார் கையில் இருக்கிறது? இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதிச் சொற்கள் தானாக விளங்கிவிடும்.

முதலில் கம்பெனி. சட்டத்தின் கணக்கில், கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவானதுதான் கம்பெனி. இப்போது நடப்பில் இருப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவான பிறகு அதற்கு உரிமையாளரைச் சாராத தனி வாழ்வு உண்டு. தன் பெயரில் நிலம் வாங்கும், வழக்குப் போடும், கடன் வாங்கும். பிரைவேட் லிமிடெட் தொடங்கக் குறைந்தது 2 பேர் வேண்டும். உறுப்பினர்கள் 200-ஐத் தாண்டக் கூடாது. பப்ளிக் லிமிடெட் என்றால் குறைந்தது 7 பேர். 'லிமிடெட்' என்ற சொல்தான் இதில் முக்கியம். கம்பெனி நொடித்துப் போனால், பங்குக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு மேல் பங்குதாரரிடம் கேட்க முடியாது. ஆனால் ஒன்று, சின்ன கம்பெனிகளுக்குக் கடன் தரும்போது பேங்க்குகள் பெரும்பாலும் டைரக்டர்களிடம் பர்சனல் கேரண்டி வாங்கிக்கொள்ளும். கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கடனுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அடுத்தது ஃபர்ம். ஈரோட்டில் மாமனும் மச்சானும் சேர்ந்து ஜவுளி வியாபாரம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியாகப் பதிவு செய்யவில்லை. டீட், அதாவது கூட்டு ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1932-ஆம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டப்படி இவர்கள் இருவரும் சேர்ந்ததுதான் ஃபர்ம். இருவரை விட்டால் அந்தச் சட்டத்தின் கண்ணில் தனியாக ஃபர்ம் என்று எதுவும் இல்லை. அதனால் மச்சான் வியாபாரத்துக்காக வாங்கிய கடனுக்கு மாமன் வீட்டையும் கேட்கலாம், முழுத் தொகைக்கும் கேட்கலாம். பெயர்ப்பலகையில் 'அண்ட் கோ' என்று போட்டாலும், 'அண்ட் சன்ஸ்' என்று போட்டாலும் அது கம்பெனி ஆகிவிடாது. இப்படி முழுக் கடனும் தலையில் விழ வேண்டாம் என்பவர்களுக்காக 2008-ல் ஒரு சட்டம் வந்தது, அதில் பதிவாவதுதான் எல்.எல்.பி., அதாவது லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப். பார்ட்னர்ஷிப் போல எளிதாக நடத்தலாம். லிமிடெட் கம்பெனி போலப் பொறுப்புக்கு எல்லையும் உண்டு. ஒரே ஆள் தன் பெயரில் நடத்துவது ப்ரொப்ரைட்டர்ஷிப். நம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளிலும் பட்டறைகளிலும் எத்தனையோ இந்த வகைதான். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் ஒப்பந்தத்தில் கம்பெனி என்று எழுதக் கூடாது.

நம் ஊர் வியாபாரிகள் அடிக்கடி சொல்லும் இன்னொரு சொல் 'சிஸ்டர் கன்சர்ன்', அதாவது அதே முதலாளிகள் நடத்தும் இன்னொரு நிறுவனம். இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு பையருக்கு எழுதும்போது மட்டும் 'குரூப் கம்பெனி' என்று எழுதுங்கள். உங்கள் கம்பெனி இன்னொன்றில் பாதிக்கு மேல் ஓட்டுரிமை வைத்திருந்தால் அதற்கு 'சப்சிடியரி' என்று தனிப் பெயர் இருக்கிறது. 'குரூப்' என்பது பல கம்பெனிகளைச் சேர்த்துச் சொல்லும் பெயர் மட்டும்தான். குரூப்பின் பெயரில் ஒப்பந்தம் போட வந்தால், அதில் எந்தக் கம்பெனி கையெழுத்துப் போடுகிறது என்று கேளுங்கள்.

[திரையில்: நொய்யல் ஆறு, அப்புறம் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம்]

கம்பெனி என்றால் லாபத்துக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். திருப்பூர் சாயப்பட்டறைகள் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். ஆனாலும் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பல பட்டறைகள் சேர்ந்து பங்கு போட்டு, பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கி, பொது நிலையங்களை நடத்துகின்றன. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட காலத்தில் அந்தக் கம்பெனிகளின் பெயர்கள்தான் ஊரெங்கும் பேச்சாக இருந்தன.

இப்போது பாலுக்கு வருவோம். இந்த வீடியோவில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. கொங்கு நாட்டுக் கிராமங்களில் விடிகாலையில் கேனோடு போவது சொசைட்டிக்கு. அந்தப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம்தான் முதல் படி. மாவட்ட அளவில் சொசைட்டிகள் எல்லாம் சேர்ந்தால் யூனியன். கோவை, ஈரோடு, சேலம் ஒன்றியங்கள் அப்படிப்பட்டவை. ஒன்றியங்கள் சேர்ந்து மாநில அளவில் ஃபெடரேஷன். அந்த ஃபெடரேஷன் 1981-ல் பதிவானது; ஆவின் என்பது அதன் வணிகப் பெயர். ஆக சொசைட்டியில் இருப்பவர்கள் மனிதர்கள், யூனியனில் இருப்பவை சொசைட்டிகள், ஃபெடரேஷனில் இருப்பவை யூனியன்கள்.

இங்கே ஓட்டுக் கணக்கும் மாறுகிறது. கம்பெனியில் பங்கு எவ்வளவோ அவ்வளவு ஓட்டு. கூட்டுறவு சொசைட்டியில் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் இருபது மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. நான் இதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். இந்த ஒரு விதி இல்லையென்றால் சொசைட்டிக்கும் கம்பெனிக்கும் நடுவில் விவசாயிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இருக்காது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை விவசாயிகள் சேர்ந்து தொடங்கும் 'புரொட்யூசர் கம்பெனி'யும் இந்த விதியை எடுத்துக்கொண்டதுதான். தனிப்பட்ட விவசாயிகள் என்றால் குறைந்தது 10 பேர் சேர வேண்டும். கம்பெனி சட்டத்தில் பதிவு, ஆனால் ஆளுக்கு ஒரு ஓட்டு.

சொசைட்டியில் இன்னொரு வகை இருக்கிறது, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவது. நற்பணி மன்றங்கள், குடியிருப்போர் சங்கங்கள் இதில் பதிவாகும். பணம் மிச்சமானால் உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. டிரஸ்ட் என்றால் உறுப்பினர்களே கிடையாது. சொத்தை எழுதி வைத்தவரும் அதைக் காக்கும் டிரஸ்டிகளும்தான். கோவையில் 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ் அப்படிப்பட்ட டிரஸ்ட்.

யூனியன் என்ற சொல் இடத்துக்கு இடம் மாறும். 'யூனியன் ஆபீஸ்' என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். மில் வாசலில் கொடி கட்டியிருந்தால் அது டிரேட் யூனியன், தொழிலாளர்களுடையது. 'டிரேட் அசோசியேஷன்' என்றால் பெரும்பாலும் முதலாளிகள் பக்கம். மெயிலில் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் படிப்பவர் உங்களை எதிர்ப்பக்கத்து ஆள் என்று நினைத்துவிடுவார்.

அசோசியேஷன்களுக்குக் கோவையில் பஞ்சமில்லை. நூற்பாலைகளுக்கு 1933-ல் தொடங்கிய சைமா, சிறுதொழில்களுக்கு 1969-ல் தொடங்கிய கொடிசியா, திருப்பூரில் 1990-ல் தொடங்கிய ஏற்றுமதியாளர்கள் சங்கம், எல்லாம் ஒரே தொழிலிலோ ஒரே தரத்திலோ இருப்பவர்கள் சேர்ந்தவை. 'சேம்பர்' அப்படியில்லை. பருத்திக்காரரும் பம்ப்செட்காரரும் ஒரே சேம்பரில் உட்காரலாம். கோவையின் வணிக சேம்பர் 1929-லேயே வந்துவிட்டது. லாரிக்காரர்களுக்குத் தாலுகா அளவில் அசோசியேஷன், அவை சேர்ந்தால் மாநில அளவில் ஃபெடரேஷன். பால் சொசைட்டியில் பார்த்த அதே படிக்கட்டு.

அரசுப் பக்கம் வேகமாகப் பார்த்துவிடலாம். 'கார்ப்பரேஷன்' என்றால் மாநகராட்சி. கோவை 1981-ல் ஆனது, சேலம் 1994-ல், ஈரோடும் திருப்பூரும் 2008-ல். எல்.ஐ.சி.யில் கடைசி எழுத்தும் கார்ப்பரேஷன்தான், அது வியாபாரம் செய்வது. 'போர்டு' என்றால் அதிகாரம் கொடுத்து உட்காரவைத்த சிலர். கம்பெனிக்குள் டைரக்டர்கள் போர்டு, வெளியே மாசுக் கட்டுப்பாட்டு போர்டு. 'கமிட்டி' என்பது பெரிய அமைப்பொன்று ஒரு வேலைக்காக ஒதுக்கிய சிறு குழு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களை நடத்துவது மார்க்கெட் கமிட்டி. 'கவுன்சில்' என்றால் கூடிப் பேசி முடிவெடுக்கும் அவை. மாநகராட்சிக்குள் இருப்பது அதுதான்.

இலக்கணத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் கமிட்டி, கம்பெனி, போர்டு எல்லாவற்றுக்கும் 'ஹேஸ்' போடுங்கள். பிரிட்டிஷ்காரர்கள் சில இடங்களில் 'ஹேவ்' எழுதுவார்கள். அதுவும் தவறில்லை, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். 'ஸ்டாஃப்' என்பது வேலை செய்பவர்கள் அத்தனை பேரையும் சேர்த்துச் சொல்லும் சொல். இரண்டு பேரைச் சொல்ல 'டூ ஸ்டாஃப்ஸ்' கிடையாது, 'டூ ஸ்டாஃப் மெம்பர்ஸ்' என்று எழுத வேண்டும்.

[திரையில்: மாதிரி பில் ஒன்று, ஜி.எஸ்.டி. எண் மட்டும் வட்டமிட்டு]

சரி, எதிரில் இருப்பவர் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை எடுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்துக்கு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பானின் நான்காவது எழுத்து, அதாவது ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறாவது எழுத்து, ஆளைச் சொல்லிவிடும். சி என்றால் கம்பெனி. எஃப் என்றால் ஃபர்ம், எல்.எல்.பி.க்கும் அதே எழுத்துதான். பி என்றால் தனி மனிதர், ஆகவே ப்ரொப்ரைட்டர்ஷிப். எச் என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். 'பிரைவேட் லிமிடெட்' என்று பலகை மாட்டியிருந்து, பில்லில் அந்த இடத்தில் பி இருந்தால், சரக்கை லோடு ஏற்றுவதற்கு முன்னால் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.