‘எனவே’ என்று எழுதும் முன்

(யாழ்ப்பாணத்தில் தமிழ்ப்பாட ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய ஆசிரியர்களே, பெற்றோர்களே, அன்பான பிள்ளைகளே,

கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. முதற்பந்தி முடிந்ததும் அடுத்தது ‘மேலும்’ என்று தொடங்கும். அதற்கடுத்தது ‘அதுமட்டுமன்றி’. பிறகு ‘அத்தோடு’. கடைசிப் பந்தி தவறாமல் ‘எனவே’. தலைப்பு நிலத்தடி நீராக இருந்தாலும் தாய்மொழிக் கல்வியாக இருந்தாலும் வரிசை மாறுவதில்லை. பிள்ளைகளை நான் குறைசொல்லமாட்டேன். பரீட்சைக்கு முன்னர் இந்தத் தொடுப்புச் சொற்களை ஒரு பட்டியலாகக் கொடுத்து, இவை இருந்தால் புள்ளி கிடைக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் நாங்கள்தான்.

‘எனவே’ என்று எழுதுகிறவர், முன்னே சொன்னது காரணம், பின்னே வருவது அதன் விளைவு என்று உறுதி கூறுகிறார். ‘ஆனால்’ என்று எழுதுகிறவர், வாசகர் இதுவரை எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று அறிவிக்கிறார். அந்த உறவு கருத்துகளுக்குள் இருக்கவேண்டும். கிடுகு வேலி அடைக்கிறவர் கதிகால் நிற்கும் இடத்தில்தான் கட்டுப் போடுவார். வெற்றிடத்தில் எத்தனை முடிச்சுப் போட்டாலும் வேலி நிற்காது.

நமக்குத் தெரிந்த செய்தியையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணற்றுநீரையே நம்பியிருக்கிறோம். இந்த இரண்டு செய்திகளுக்கும் இடையில் ‘எனவே’ வரலாம், ஏனென்றால் ஒன்று மற்றதற்குக் காரணம். அங்கே ‘மேலும்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. என்றாலும் சிந்தனை குறைந்துவிடுகிறது. காரணமும் விளைவுமாக நின்றவை பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு தகவல்களாகிவிடுகின்றன. நமது கட்டுரைகளில் ‘மேலும்’ பெருகிக் கிடப்பதற்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். உறவு என்னவென்று யோசிக்காதவருக்கு மிக வசதியான சொல் அது.

‘மேலும்’ வருகிற இடங்களில் பாதிக்கு அந்தச் சொல்லே தேவையில்லை. ‘குளங்கள் வற்றின. மேலும், கிணறுகள் வற்றின’ என்று எழுதுகிறோம். ‘குளங்கள் வற்றின. கிணறுகளும் வற்றின’ என்று எழுதிப் பாருங்கள். ஒரு ‘உம்’ அந்த வேலையை முழுதாகச் செய்துவிட்டது. நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது: எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, அளவை, தெரிநிலை, ஆக்கம். இப்போது பார்த்தது எச்ச உம்மை. ‘கிணறுகளும் வற்றின’ என்று கேட்டவுடனேயே, வேறு ஏதோ முன்னரே வற்றியிருக்கிறது என்று காது அறிந்துகொள்கிறது. வினையெச்சமும் அப்படித்தான். ‘மழை பெய்து, நிலத்துக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல்லில் தங்குகிறது’ என்ற தொடரில் ‘பிறகு’, ‘அதன் பின்னர்’ எதுவும் இல்லை. ஒழுங்கு வினைகளுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ் உள்ளிருந்தே தொடுக்கிற மொழி. வெளியிலிருந்து சொல் கொண்டுவருவது, உள்ளே இருப்பது போதாதபோது மட்டும் என்றிருக்கவேண்டும்.

இரட்டைத் தொடுப்பையும் சொல்லவேண்டும். ‘கிணறு வற்றியது. ஏனெனில், மழை பெய்யாததால்.’ இது மிகப் பரவலான பிழை. ‘பெய்யாததால்’ என்பதிலுள்ள ‘ஆல்’ காரணத்தைக் காட்டிவிட்டது. ‘ஏனெனில்’ அதையே திரும்பக் காட்டுகிறது. அதற்கு மேல், வாக்கியமும் முடியாமல் அந்தரத்தில் நிற்கிறது. ‘மழை பெய்யாததால் கிணறு வற்றியது’ என்று எழுதலாம், ‘கிணறு வற்றியது; ஏனெனில், மழை பெய்யவில்லை’ என்றும் எழுதலாம். ‘மழை பெய்தாலும், ஆனால் கிணறு ஊறவில்லை’ என்பதும் இதே குற்றம்.

இனிக் குறியீடுகள். ஏட்டுச்சுவடியில் காற்புள்ளியும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்துவதுகூடப் பெரும்பாலும் இல்லை. செய்யுளுக்கு அது பெரிய குறையாக இருக்கவில்லை, ஏனென்றால் எங்கே நிறுத்துவது என்பதைச் சீரும் அடியும் காட்டின. உரைநடைக்கு அந்தத் துணை கிடையாது. 1841 இல் இந்த மண்ணில் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடமும் அச்சகமும் நிறுவி, பாலபாடங்களையும் பழைய நூல்களின் பதிப்புகளையும் அச்சேற்றினார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காக ஆண்ட முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அவருடைய வாக்கியங்கள் நீளமானவை. ஆயினும், சத்தமாக வாசித்தால் மூச்சு முட்டாது. பொருள் மாறும் இடத்தில் ஒரு குறி நின்று வழிகாட்டும். வண்ணார்பண்ணைக்கு இவ்வளவு அருகில் படிக்கிற பிள்ளைகள் காற்புள்ளியை அலங்காரமாக நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஒரு தொடரைக் குறியே இல்லாமல் சொல்கிறேன். ‘அவர் தலைவர் ஆனால் ஊருக்கு நன்மை இல்லை.’ அவர் இன்னும் தலைவராகவில்லை. ஆகிவிட்டால் நமக்குக் கெடுதி என்பது இதன் பொருள். இப்போது குறியிடுகிறேன். ‘அவர் தலைவர்; ஆனால், ஊருக்கு நன்மை இல்லை.’ இங்கே அவர் ஏற்கெனவே தலைவர், இருந்தும் பயனில்லை. சொற்கள் அதே சொற்கள், வரிசையும் அதே வரிசை. ஓர் அரைப்புள்ளியும் ஒரு காற்புள்ளியும் ஒரு மனிதரைப் பதவியில் ஏற்றி வைத்துவிட்டன. கருத்து முடிந்து அடுத்தது அதனோடு உறவாடித் தொடரும்போது அரைப்புள்ளி. தொடுப்புச் சொல்லுக்குப் பின் காற்புள்ளி. முந்திய வாக்கியத்தை முற்றுப்புள்ளியால் முடித்து, ‘ஆனால்,’ என்று புதிதாகத் தொடங்கினாலும் தவறில்லை. ‘ஆனால்’ என்பதற்கு முன்னும் பின்னும் வெறும் காற்புள்ளிகளை இட்டு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. வாசகருக்கு எது பெரிய நிறுத்தம், எது சிறியது என்று தெரியாமல் போகும்.

இன்னொரு நுட்பம், ஆசிரியர்களும் தவறவிடுவது. ‘இறுதியாகக் கிணற்றைத் துப்புரவு செய்தார்கள்’ என்று வல்லெழுத்து மிகுந்து வந்தால், ‘இறுதியாக’ என்பது செய்த வேலையோடு ஒட்டிக்கொள்கிறது: எல்லா வேலைக்கும் கடைசியில் கிணறு. ‘இறுதியாக, கிணற்றைத் துப்புரவு செய்தமை பாராட்டத்தக்கது’ என்னும்போது அது கட்டுரையாளரின் குரல்: நான் சொல்லவந்தவற்றுள் கடைசி இது. அங்கே காற்புள்ளி நிற்கிறது, ‘க்’ போய்விடுகிறது. காற்புள்ளி நிற்கும் இடத்தில் வல்லெழுத்து மிகாது. ‘முதலாவதாகக், கிணற்றை’ என்று இரண்டையும் சேர்த்து எழுதிய கொப்பிகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சேர்க்கவும் வேண்டும், பிரிக்கவும் வேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதினால் வாசகர் எதைச் செய்வார்?

எண்ணி அடுக்கும்போது ‘உம்’ வந்தால் காற்புள்ளி வேண்டியதில்லை: ‘வெங்காயமும் மிளகாயும் புகையிலையும்’. ‘உம்’ இல்லாவிட்டால் வேண்டும்: ‘வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகியவை’. இதை எல்லோரும் அறிவீர்கள். நேரம் கருதிக் கடந்து செல்கிறேன்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் எத்தனை தொடுப்புச் சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் புள்ளி இடாதீர்கள். பிள்ளையை அழைத்து, ஒவ்வொரு தொடுப்புச் சொல்லையும் விரலால் மறைத்து வாசிக்கச் சொல்லுங்கள். மறைத்த பின்னும் பொருள் அப்படியே இருந்தால், பிள்ளையே அதை வெட்டட்டும். பொருள் தடுமாறினால், சொல் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு பயிற்சி. இரண்டு வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். ‘தோட்டங்களுக்குக் கோடையில் நிறைய நீர் வேண்டும். அளவுக்கு மீறி இறைத்தால் கிணற்றில் உவர் ஏறுகிறது.’ இவற்றை ‘ஆனால்’ என்று தொடுத்து ஒரு பந்தி எழுதுங்கள். ‘எனவே’ என்று தொடுத்து இன்னொரு பந்தி எழுத முயலுங்கள். முதலாவது எளிதாக வரும். இரண்டாவதில் நடுவே ஏதோ ஒரு வாக்கியம் விடுபட்டிருப்பது தெரியும். நீர் நிறைய வேண்டும் என்பதால் மட்டும் உவர் ஏறாது. யாரோ அளவுக்கு மீறி இறைக்கவேண்டும். அந்த விடுபட்ட வாக்கியத்தை எழுதி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.