மோட்டாரை மாற்றும் முன் ரப்பரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். 28 வருடமாக கார் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். பவர் விண்டோ, அதாவது சுவிட்சை அழுத்தினால் மோட்டாரில் ஏறி இறங்கும் கண்ணாடி, மெதுவாக ஏறுகிறது, பாதியில் நிற்கிறது என்று வாரத்துக்கு நாலைந்து வண்டியாவது வரும். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மோட்டார் போயிடுச்சா?" என்றுதான். பெரும்பாலும் போயிருக்காது. இன்றைக்கு இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஓர் ஐப்பசி மழையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில் நிற்கிறது, சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்புதான் வேறு ஒரு இடத்தில் புது மோட்டார் போட்டிருக்கிறார். நான் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி, மோட்டாரைத் தனியாக எடுத்து பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். அருமையாகச் சுற்றியது. அப்புறம் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் விரலை விட்டேன். விரல் முழுக்கக் கறுப்பு மை. "சார், இதில் என்ன விட்டீங்க?" என்றேன். "தேங்காய் எண்ணெய்தான். மாதம் ஒருமுறை கோழி இறகால் தடவுவேன்" என்றார். வீட்டு கேட் கீலுக்கு விடுவதுபோல, அவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார். ஆனால் எண்ணெய் தெருப்புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புழுதியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். அந்தப் பசைக்குள்தான் கண்ணாடி ஏற வேண்டியிருந்தது.

அரை மணி நேரம் துடைத்தேன். கண்ணாடி சரசரவென்று ஏறியது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டிக்கியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பழைய மோட்டாரை எடுத்துக் கொடுத்தார். அதையும் பேட்டரியில் வைத்தேன். அதுவும் நன்றாகவே சுற்றியது. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ரப்பரைப் பார்க்காமல் எந்த மோட்டாரையும் நான் மாற்றியதில்லை.

சரி, நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சினை ஓடவிடுங்கள். எஞ்சின் நின்றிருந்தால் பேட்டரியில் 12 வோல்ட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கும்; ஓடும்போது 14 வரை வரும். அந்த வித்தியாசத்துக்கே கண்ணாடி கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும், அது கோளாறு இல்லை. அப்புறம், ஒருவர் சுவிட்சை அழுத்தட்டும், நீங்கள் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து மேலே தள்ளிக் கொடுங்கள். விரல் மேல் சட்டத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை கொடுத்தவுடன் வேகமாக ஏறினால் முதலில் ரப்பரைச் சந்தேகப்படுங்கள்.

துடைப்பதற்குப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்கேலில் பருத்தித் துணியைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, முன்பக்கப் பள்ளம், பின்பக்கப் பள்ளம் இரண்டிலும் மேலும் கீழும் ஓட்டுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். நன்றாகக் காயவிட்டு, சிலிகான் ஸ்பிரே மட்டும் அடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம், எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். எஞ்சின் ஆயிலில் ரப்பர் ஊதிப்போகும், பள்ளம் இன்னும் குறுகிவிடும்.

இன்னொன்று. கண்ணாடி நகராதபோது சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். மோட்டார் சூடானால் தானாக நின்றுகொள்ளும் ஏற்பாடு பல மோட்டார்களுக்குள் இருக்கிறது. சில நிமிடம் ஆறினால் மறுபடி ஓடும். "தானாகச் சரியாகிவிட்டது" என்று நினைத்து நாம் விட்டுவிடுவோம். தினமும் அப்படிச் சூடாகி ஆறினால், நல்ல மோட்டாரும் ஒருநாள் கருகித்தான் போகும்.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சுவிட்ச் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். இரவில் சுவிட்சை அழுத்தும்போது உள்விளக்கு லேசாக மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. மங்கவும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் ஃப்யூஸ், சுவிட்ச், கதவுக் கீல் பக்கம் மடங்கி மடங்கி அறுந்த ஒயர், இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, கடகடவென்று கண்ணாடி கீழே விழுந்தால் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும், அது மெக்கானிக் வேலை.

பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் டிரைவர் கதவில் உள்ள விண்டோ லாக் பொத்தானை அழுத்தி வையுங்கள். துடைத்த பிறகு கண்ணாடி இன்னும் வேகமாக ஏறும். வணக்கம்.