யாருக்கு மரியாதை?

(சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு மரியாதையைப் பற்றிச் சொல்லித்தர வருவது கொஞ்சம் துணிச்சலான வேலைதான். பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கி விடுகிறோம். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போவதில்லை. ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது 'போட்டு வாறன்' என்கிறோம். செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்லாமல் எழும்பி வந்துவிடுகிறோம். செத்தவீட்டுக்கு அழைப்பு வேண்டாம், கேள்விப்பட்டால் போதும். ஆனால் கலியாணத்துக்கு நேரில் வந்து சொல்லவில்லை என்று வருடக்கணக்காகக் கதைக்காமல் இருப்பவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம்! இந்தப் பழக்கங்களில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

என் கேள்வி வேறு. இந்த மரியாதையெல்லாம் யாருக்குக் கிடைக்கிறது? டொக்டருக்கும் அதிபருக்கும் கனடாவிலிருந்து வந்த அண்ணருக்கும் 'நீங்கள்'. தேங்காய் பிடுங்க வந்தவருக்கு எழுபது வயதானாலும் 'நீ'. அந்த 'நீ'யைப் பத்து வயதுப் பிள்ளையும் கேட்டுப் பழகுகிறது.

இது இன்று நேற்று வந்ததல்ல. சாதியின் பெயரால், தோளில் சால்வை போட எல்லோருக்கும் உரிமை இல்லாதிருந்த ஊர் இது. தேத்தண்ணிக் கடையில் சிலருக்குப் போத்தலும் சிரட்டையும், பள்ளிக்கூடத்தில் சிலருக்கு வாங்கில் இல்லை, வெறும் நிலம். அப்படி நடத்தியவர்கள் முரடர்கள் அல்ல, மரியாதை தெரிந்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். 1924 இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர்கள் சம ஆசனம், சம போசனம் என்று கேட்டார்கள். இப்படி ஒதுக்குவது குற்றம் என்று 1957 இல் சட்டமே வந்தது. அப்படியிருந்தும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போவதற்குச் சனங்கள் வாசலில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. சட்டத்தால் கதவைத் திறக்கலாம். உள்ளே வந்தவரை 'வாங்கோ, இருங்கோ' என்று சொல்லவைக்க அதனால் முடியாது. அது நம்முடைய வேலை.

இன்னொன்று. ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வருவதற்குள் விசாரணை தொடங்கிவிடும். சம்பளம் எவ்வளவு? விசா சரிவந்ததா? ஏன் இன்னும் பிள்ளை இல்லை? அக்கறையில்தான் கேட்கிறோம் என்பார்கள். சரி, இதே அக்கறையை டொக்டரிடம் காட்டுகிறோமா? அவரிடம் வாய் தானாக அடங்கிவிடுகிறது. ஆகவே அடக்கத் தெரியாமல் இல்லை. பதில் சொல்லாமல் தப்ப முடியாத பிள்ளைகளிடம்தான் கேட்கிறோம்.

செத்தவீட்டில் கைத்தொலைபேசி அடிப்பது பற்றியும் பேசச் சொன்னார்கள். நிறுத்தி வையுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாகத் தலைவரிடம் ஒரு வேண்டுகோள். காலையிலிருந்து பந்தல் போட்டுக் கதிரை அடுக்கிய தம்பிமார் பின்சுவரோடு நிற்கிறார்கள். விருந்தினருக்கு ஒதுக்கிய முன்வரிசையில் நாலு கதிரை இன்னும் வெறுமையாக இருக்கிறது. அவர்கள் வந்து இருக்கட்டும். அதற்குப் பிறகு பரிசளிப்பைத் தொடங்கலாம்.