என் புரொஃபைல் தேறுமா? பாலிசி, ஐஆர் பிஎச்டிக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

வணக்கம்ங்க. சேலத்துல இருந்து பேசறேன். ஆத்தூர், ஓமலூர், மேட்டூர்னு நம்ம பக்கத்துப் பசங்க என்கிட்ட கேக்கற மொதக் கேள்வி எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கு. "அக்கா, எம்ஏல 68 பர்சென்ட், இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்ல பிஎச்டி பண்ணணும், வெளிநாட்டுல கிடைக்குமா?" இதுக்கு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது, ஏன்னா அந்த 68ஐ மட்டும் வச்சு எந்த அட்மிஷன் கமிட்டியும் முடிவு பண்றதில்ல. அவங்க பாக்கறது, இந்த ஆளு ஒரு கேள்விய அஞ்சு வருஷம் விடாம புடிச்சுக்கிட்டு வேலை செய்வாரா, அந்தக் கேள்விக்கு கைடு பண்ண எங்க டிபார்ட்மென்ட்ல ஆள் இருக்காங்களா, அவ்வளவுதான். நம்ம புரொஃபைல நாமளே இப்படி எப்படிப் படிச்சுப் பாக்கறதுன்னு சொல்றேன்.

[ஸ்க்ரீன்ல: "எந்த பிஎச்டி?"]

மொதல்ல நீங்க எந்த லைன்ல நிக்கப் போறீங்கன்னு தெரியணும். ஐஆர்னு, அதாவது இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்னு நாம சொல்றது அமெரிக்காவுல பெரும்பாலும் பொலிட்டிக்கல் சயின்ஸ் டிபார்ட்மென்ட்டுக்குள்ள ஒரு பிரிவுதான், அங்க அப்ளை பண்றவங்க பொலிட்டிக்கல் சயின்ஸ் பிஎச்டிக்குத்தான் அப்ளை பண்றாங்க. டஃப்ட்ஸ்ல ஃப்ளெட்ச்சர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல சைஸ், வாஷிங்டன்ல அமெரிக்கன் யூனிவர்சிட்டி மாதிரி சில இடத்துல தனி ஸ்கூலாவே இருக்கு. பப்ளிக் பாலிசி பிஎச்டி இன்னொரு உலகம், ஹார்வர்ட் கென்னடி ஸ்கூல், பெர்க்லில கோல்ட்மன், சிகாகோல ஹாரிஸ், இங்கெல்லாம் பொருளாதாரமும் புள்ளிவிவரமும் ரொம்ப ஜாஸ்தி. ஒரே ஆளு ஒரு லைன்ல முன்னாடி நிப்பாரு, அடுத்த லைன்ல கடைசில நிப்பாரு. அதனால "நான் எவ்வளவு ஸ்ட்ராங்"னு பொதுவா கேக்காதீங்க, எந்த டிபார்ட்மென்ட்டுக்குன்னு சேத்துக் கேளுங்க.

நம்ம ஊர்ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு பாலிசி பக்கம் வரணும்னு ஆசைப்படற பசங்க நெறைய. அவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. எம்1, எம்2னு நீங்க திட்டிக்கிட்டே எழுதுன கணக்கு பேப்பர், பாலிசி பிஎச்டிக்கு தங்கம். கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி மூணும் மார்க் ஷீட்ல இருந்தா கமிட்டிக்கு நிம்மதி, மொத வருஷ எக்கனாமிக்ஸ் பேப்பர்ல இவங்க தடுமாற மாட்டாங்கன்னு நெனைப்பாங்க. உங்ககிட்ட இல்லாதது என்னன்னா ஒரு வாதத்த இருபது பக்கம் எழுதுன அனுபவம். பிஏ, எம்ஏ பொலிட்டிக்கல் சயின்ஸ் படிச்சவங்களுக்கு அப்படியே தலைகீழ், எழுத்து இருக்கும், ரிக்ரஷன் டேபிள்னு புள்ளிவிவரக் கணக்கப் பாத்தா கண்ணக் கட்டும். ரெண்டு பேருமே இல்லாததத்தான் இந்த ஒரு வருஷத்துல சேக்கணும். என்பிடெல்னு ஐஐடிங்க நடத்தற ஆன்லைன் பாடத்துல புள்ளிவிவரம், எக்கனாமெட்ரிக்ஸ் கோர்ஸ் இருக்கு, நேர்ல போய் எக்ஸாம் எழுதி சர்டிஃபிகேட் வாங்கலாம், புள்ளிவிவரக் கணக்குப் போடற ஆர் சாஃப்ட்வேர் காசில்லாம கிடைக்குது. வெறும் வீடியோ பாத்துட்டு விட்டுடாதீங்க, ஒரு டேட்டாவ எடுத்து நீங்களே ஒரு சின்ன பேப்பர் எழுதுங்க.

மார்க், அப்பறம் அமெரிக்க மேல்படிப்புக்கு எழுதற ஜிஆர்இ பரீட்சை பத்தி சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடறேன். ஜிஆர்இல இங்கிலீஷுக்கான வெர்பல் 170க்கு, கணக்குக்கான குவான்ட் 170க்கு, 2023 செப்டம்பர்ல இருந்து பரீட்சை ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடுது, ஸ்கோர் அஞ்சு வருஷம் செல்லும். நெறைய டிபார்ட்மென்ட் இப்ப கேக்கறதே இல்ல, சிலது கட்டாயம்னு சொல்லுது, அந்தந்த வெப்சைட்டத்தான் பாக்கணும். பாலிசி ஸ்கூல்னா குவான்ட் மார்க்குக்கு மதிப்பு அதிகம். நம்ம யூனிவர்சிட்டில 68 பர்சென்ட்னா என்னன்னு அங்க இருக்கறவங்களுக்குத் தெரியாமப் போகலாம், அதுக்கு வழி இருக்கு, வகுப்புல எத்தனாவது, யூனிவர்சிட்டி ரேங்க் உண்டான்னு உங்க சார் லெட்டர்ல எழுதிட்டா அந்த நம்பருக்கு ஒரு அர்த்தம் வந்துடும். ஒண்ணு மட்டும் கவனமாப் பாருங்க, மூணு வருஷ டிகிரி மட்டும் வச்சிருக்கறவங்கள சில அமெரிக்க யூனிவர்சிட்டி எடுத்துக்காது, எம்ஏ முடிச்சிருந்தா பெரும்பாலும் அந்தச் சிக்கல் இல்ல.

[காட்சி: ஏற்காடு, நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டம். சில்வர் ஓக் மரம், அதுல ஏறுன மிளகுக் கொடி, கீழ காபிச் செடி]

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். கேள்வி. இதுலதான் நம்ம பசங்க பாதிப் பேரு விழறாங்க, அதனால கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், பொறுத்துக்குங்க.

"இந்தியா ஐரோப்பிய யூனியன் உறவும் நீடித்த வளர்ச்சியும்." இது ஒரு எஸ்ஓபில, அதாவது ஏன் இந்தப் படிப்புன்னு அப்ளிகேஷனோட எழுதற ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்ல, நான் படிச்ச தலைப்பு. கேக்க கம்பீரமா இருக்கு, ஆனா இதுல கேள்வியே இல்ல. எதுக்குப் பதில் தேடறாங்கன்னு தெரியல, பதில் கிடைச்சா எப்படித் தெரியும்னும் தெரியல.

இந்தத் தோட்டத்தயே எடுத்துக்குவோம். சேர்வராயன் மலைல காபி 1820கள்ல இருந்து இருக்கு, அப்ப சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்தது. இன்னைக்கு இந்தியக் காபிக்குப் பெரிய மார்க்கெட் ஐரோப்பா, அதுலயும் இத்தாலிதான் முன்னாடி. 2023ல ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் போட்டாங்க, 2020 டிசம்பர் 31க்கு அப்பறம் காடு அழிச்ச நெலத்துல வெளஞ்ச காபி, கோக்கோ, ரப்பர், சோயா, பாமாயில், மரம், மாடு இதெல்லாம் உள்ள வரக் கூடாதுன்னு. எந்த நெலத்துல வெளஞ்சதுன்னு ஜிபிஎஸ் புள்ளியோட காட்டணும், நாலு ஹெக்டேருக்கு மேல இருந்தா எல்லைய முழுசா வரைஞ்சு காட்டணும். அமலுக்கு வர்ற தேதி ரெண்டு தடவ தள்ளிப் போச்சு.

இப்பப் பாருங்க, ஒரே மலை, ஒரே சட்டம். இங்க பெரிய எஸ்டேட்டும் இருக்கு, மலையாளிப் பழங்குடி மக்களோட சின்னச் சின்னத் தோட்டங்களும் இருக்கு. யாருகிட்ட என்ன ஆவணம் இருக்கு, சின்ன விவசாயி காபியும் எஸ்டேட் காபியும் வியாபாரிகிட்ட ஒண்ணா கலக்கறப்ப புள்ளி எப்படிக் குறிக்கறது, காபி போர்டு யாருக்கு மொதல்ல உதவி பண்ணுது, யாரு இந்தச் சட்டத்துக்கு ஒத்துப் போறாங்க, யாரு ஐரோப்பா வேண்டாம்னு வேற மார்க்கெட் பாக்கறாங்க, ஏன்? இதுதான் கேள்வி. பிரஸ்ஸல்ஸ்ல எழுதற விதி வெளி நாட்டயும் கட்டுப்படுத்துதுன்னு 2012ல அனு பிராட்ஃபோர்டுங்கற சட்டப் பேராசிரியர் எழுதி, பிரஸ்ஸல்ஸ் எஃபெக்ட்னு பேர் வச்சாங்க, அந்த விவாதத்துல நேரா போய் உக்காருது உங்க கேள்வி. கூடவே வியட்நாமயோ குடகையோ ஒப்பிட்டா அது ஐஆர், காபி போர்டு திட்டம் யாருக்குப் போய்ச் சேந்துச்சுன்னு டேட்டா எடுத்துப் பாத்தா அது பாலிசி.

இதுல உங்களுக்கு இருக்கற பலம் என்னன்னா, மலைக்கு நாளைக்குக் காலைல பஸ் ஏறிப் போயிடலாம், பேசறதுக்கு மொழி பெயர்க்க ஆள் வேண்டாம். பாஸ்டன்ல உக்காந்திருக்கற ஒருத்தருக்கு இந்த வசதி இல்ல. இத எஸ்ஓபில எழுதணும், ஆனா "நான் ஏற்காட்டுக்காரன், எனக்கு இயற்கை புடிக்கும்"னு எழுதக் கூடாது, எந்த ஆவணம் எங்க கிடைக்கும், யாரப் பேட்டி எடுக்க முடியும்னு எழுதணும். சவ்வரிசி மில்லுக்காரங்க வீட்டுப் பசங்க இருந்தா, 2010 ஜனவரி 1ல அமலுக்கு வந்த, இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கும் நடுவுல இருக்கற ஆசியான் வர்த்தக ஒப்பந்தத்துக்கு அப்பறம் நம்ம மரவள்ளிக் கிழங்கு விலைக்கு என்ன ஆச்சுன்னு தேடுங்க. சேலம் சென்னை எட்டு வழிச் சாலை நெல எடுப்பு ஹைகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனது தெரியும், அதுல எத்தனையோ பாலிசி ஆய்வு இருக்கு. கேள்வி வெளில எங்கயும் இல்லைங்க.

கேள்வி கைக்கு வந்துச்சுன்னா, அப்ளிகேஷனோட அனுப்பற ஆய்வுக் கட்டுரை, அதாவது ரைட்டிங் சாம்பிள், தானா உருவாகும். இருபது முப்பது பக்கம், நீங்களே எழுதுனது, ஒரு வாதம், ஆதாரம், அதுக்கு எதிர் வாதம். எம்ஏ ப்ராஜெக்ட்ட அப்படியே பைண்டிங்கோட அனுப்பாதீங்க, அதுல மொத நாப்பது பக்கம் வரலாறு இருக்கும், கமிட்டில யாரும் அதத் தாண்ட மாட்டாங்க. நல்ல ஒரு அத்தியாயத்த எடுத்து மறுபடியும் எழுதுங்க.

[ஸ்க்ரீன்ல: "லெட்டர்"]

மூணு ரெகமண்டேஷன் லெட்டர். இதுல நம்ம பக்கம் நடக்கறத ஒளிக்காமப் பேசணும். "நீயே எழுதிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்"னு நெறைய சார்ங்க சொல்றாங்க, அன்பாத்தான் சொல்றாங்க, ஆனா அந்த லெட்டர் உங்களுக்கு உதவாது. ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், கடின உழைப்பாளின்னு வந்தா கமிட்டி அடுத்த ஃபைலுக்குப் போயிடும். அவங்களுக்கு வேணும்ங்கறது, "இந்த மாணவி என் வகுப்புல எழுதுன பேப்பர்ல இந்த இடத்துல நான் எதிர்பாக்காத ஒரு கேள்வி கேட்டா, நான் பாடம் எடுத்த இத்தனை வருஷத்துல பாத்தவங்கள்ல இவ முன்வரிசை"ங்கற மாதிரி ஒரு பத்தி. சார்கிட்ட சும்மா போய் நிக்காம, உங்க பேப்பர், எஸ்ஓபி, மார்க் ஷீட், அவர் வகுப்புல நீங்க என்ன பண்ணீங்கன்னு நாலு வரி, எல்லாத்தயும் ஒரு ஃபைலாப் போட்டு ரெண்டு மாசம் முன்னாடியே குடுங்க, "சார், உங்களுக்கு நேரம் இருக்கறப்ப பேசலாங்களா"ன்னு கேளுங்க, பேசறப்ப அவருக்கே ஞாபகம் வரும், அப்ப எழுதறது வேற மாதிரி இருக்கும். தமிழ்ல யோசிச்சு எளிய இங்கிலீஷ்ல எழுதுனாலும் பரவால்ல. காலேஜ் மெயில் ஐடி இருந்தா அதுல இருந்து அனுப்பச் சொல்லுங்க.

உங்க இடம் எதுன்னு தெரிய ஒரு நேரான வழி இருக்கு. டிபார்ட்மென்ட் வெப்சைட்ல பிஎச்டி மாணவர்கள் பக்கத்துக்குப் போங்க, மொத வருஷம், ரெண்டாவது வருஷத்துல இருக்கறவங்க சிவிய ஒவ்வொண்ணா படிங்க. சேர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணிருந்தாங்க, எங்க ரிசர்ச் அசிஸ்டன்ட்டா இருந்தாங்க, கணக்கு எவ்வளவு. நெறைய பேரு ரெண்டு வருஷம் ரிசர்ச் வேலை பாத்துட்டு வந்திருப்பாங்க, வறுமை ஒழிப்புத் திட்டங்கள ஆய்வு பண்ற ஜே-பால் தெற்காசியா மாதிரி இடத்துல ஃபீல்டு சர்வே வேலை தமிழ் தெரிஞ்சவங்களுக்கு வருது. மனசு ஒடஞ்சு போக வேண்டாம், அந்தப் பக்கத்த ஒரு வேலைப் பட்டியலாப் பாருங்க.

நம்ம நாட்டுலயே பண்றதும் ரெண்டாம் தரம் இல்ல. ஜேஎன்யூல ஸ்கூல் ஆஃப் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் 1955ல தொடங்குனது, 1970ல ஜேஎன்யூவோட சேந்துச்சு. பக்கத்துல பாண்டிச்சேரி யூனிவர்சிட்டி, மெட்ராஸ் யூனிவர்சிட்டி இருக்கு, ஐஐடி டெல்லில பப்ளிக் பாலிசிக்குத் தனி ஸ்கூல் இருக்கு. பிஜில 55 பர்சென்ட் வேணும், எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயர் இல்லாத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 பர்சென்ட் தளர்வு. யுஜிசி நெட்ங்கற தேசியத் தகுதித் தேர்வ 2024ல இருந்து பிஎச்டி அட்மிஷனுக்கும் எடுத்துக்கறாங்க, அதுல மேல வர்றவங்களுக்குக் கிடைக்கற ஜேஆர்எஃப் ஆய்வு உதவித்தொகை வராதவங்களுக்கு நெட் மார்க்குக்கு 70 பர்சென்ட், இன்டர்வியூக்கு 30 பர்சென்ட் வெயிட்டேஜ், அந்த ஸ்கோர் அட்மிஷனுக்கு ஒரு வருஷம்தான் செல்லும். ஜேஆர்எஃப் வந்துட்டா 2023ல இருந்து மாசம் 37,000 ரூபா, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வாடகைப் படி தனி. நெட்ல நெகட்டிவ் மார்க் கெடையாது. பொலிட்டிக்கல் சயின்ஸ் தவிர இன்டர்நேஷனல் அண்ட் ஏரியா ஸ்டடீஸ்னு தனிப் பாடமும் இருக்கு, பாதிப் பேருக்கு அது தெரியறதில்ல.

காசு விஷயம். அமெரிக்காவுல நல்ல டிபார்ட்மென்ட் பெரும்பாலும் ஃபீஸயும் தள்ளுபடி பண்ணி, செலவுக்கு ஸ்டைபண்டுன்னு பணமும் குடுப்பாங்க, அப்படி இல்லாத பிஎச்டிக்கு வீட்டு நெலத்த அடமானம் வச்சுப் போகாதீங்க, இத அக்காவாச் சொல்றேன். 2025ல நெறைய யூனிவர்சிட்டி ஃபண்டிங் நெருக்கடில பிஎச்டி சீட்டக் கொறச்சாங்க, அதனால நல்ல புரொஃபைலுக்கும் இல்லைன்னு பதில் வருது, அது உங்க குத்தம் இல்ல. இங்கிலாந்துல கணக்கு வேற, அட்மிஷன் தனி ஸ்காலர்ஷிப் தனி, சீட்டு கிடைச்சும் காசு வராமப் போகலாம். அங்க மூணு நாலு வருஷம்தான், ஆரம்பத்துலயே ரிசர்ச் ப்ரொபோசல் கேப்பாங்க, சூப்பர்வைசர் ஒத்துக்கறாரான்னு முன்னாடியே மெயில் போட்டுப் பாக்கலாம். ஃபுல்பிரைட் நேரு டாக்டரல் ஃபெலோஷிப் அமெரிக்காவுல முழு பிஎச்டி பண்றதுக்குன்னு பல பேரு நெனைக்கறாங்க, அது இந்தியாவுல பிஎச்டி பதிவு பண்ணவங்க அங்க போய்ச் சில மாசம் ஆய்வு பண்றதுக்கு.

டிசம்பர்ல இருந்து ஜனவரி ஆரம்பம் வரைக்கும் அமெரிக்க டெட்லைன். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் 100 டாலர் கிட்ட ஆகும், ஃபீஸ் தள்ளுபடி கேட்டு அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் போடுங்க, குடுக்கறாங்க. பேரு பெருசா இருக்குன்னு பத்து இடம் போடறதுக்குப் பதிலா, உங்க கேள்விய கைடு பண்ண ரெண்டு பேராவது இருக்கற இடமா ஆறேழு பாருங்க, ஒருத்தர் மட்டும் இருந்து அவரு ரிடையர் ஆயிட்டாலோ வேற ஊருக்குப் போயிட்டாலோ நீங்க நடுவுல நிப்பீங்க. பிப்ரவரி, மார்ச்ல பதில் வரும். ஃபண்டிங்கோட ஆஃபர் வந்தா ஏப்ரல் 15 வரைக்கும் யோசிக்க டைம் உண்டு, கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்ங்கற அமைப்போட தீர்மானத்துல கையெழுத்துப் போட்ட யூனிவர்சிட்டி எல்லாம் இத ஏத்துக்கிட்டிருக்கு, அதனால யாராவது அவசரப்படுத்துனா பயப்படாதீங்க. அதுக்குள்ள ஸ்டைபண்ட் ஒம்பது மாசத்துக்கா பன்னண்டு மாசத்துக்கா, எத்தனை வருஷம் உறுதி, ஹெல்த் இன்சூரன்ஸ் யாரு கட்டறது, அந்த ஊர்ல ரூம் வாடகை எவ்வளவு, இதெல்லாம் அங்க படிக்கற சீனியர் ஒருத்தர்கிட்டயும் டிபார்ட்மென்ட் ஆபீஸ்லயும் கேட்டு, பதில எழுத்துல வாங்குன பிறகு சரின்னு சொல்லுங்க.